ஏழாவது கேள்வி

ஞாயிறு காலை, ரெலாவ் மண்டபம்.
பிராணிகளைக் கொண்டுவரக் கூடாதென்று
நோட்டீசில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது.
கைகளை மட்டும் கொண்டுபோனோம்.
பூன் ஹுவாட் கட்டைவிரலில் உடும்புப் பல்,
ஹபிசுல் முழங்கையில் இகுவானா கீறிய மூன்று கோடு.
என் கையில் ஒன்றுமில்லை.
மேனேஜர் இதுவரை யாரையும் கடித்ததில்லை.

மேனேஜர் ஒரு மலைப்பாம்பு.
ஆப்பிரிக்க வம்சம்; பிறந்தது கெப்பாலா பத்தாஸில்
யாரோ ஒருவரின் அலமாரியில்.
நாலடி. பயந்தால் பந்தாகிவிடும்.
பேக்டரியில் எங்கள் மேனேஜரும் இப்படித்தான்,
ஒரு வேலையும் செய்யாமல்
அவ்வப்போது நாக்கை மட்டும் நீட்டுவார்.

புதுச் சட்டம் வந்தால்
தொண்ணூறு நாளில் ஒப்படைக்க வேண்டும்.
எங்கே என்று கேட்டோம்.
'அது பரிசீலனையில்' என்றார் அதிகாரி.

பாரத்தில் ஏழாவது கேள்வி:
வளர்ப்பதன் நோக்கம்.
வியாபாரம், கல்வி, கண்காட்சி, மற்றவை.
மற்றவைக்குப் பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு கோடு.

அந்தக் கோட்டில் எப்படி எழுதுவது,
பன்னிரண்டு மணி நேரம் லென்ஸில் சில்லு பார்த்துத் திரும்புகிறவளுக்கு
வாலாட்டாத, 'ஏன் லேட்டு' என்று கேட்காத
ஓர் உயிர் வேண்டியிருக்கிறதென்று?
ஐஸ்பெட்டியில் கெம்போங் மீனுக்குக் கீழே
'இடியப்ப மாவு' என்று எழுதிய டப்பாவில்
வெள்ளெலிகள் இருக்கிறதென்று?
அக்கா ஒருநாள் அதைத் திறந்தாள்.
ஏழு மாதம் வீட்டுப் பக்கம் வரவில்லை.

'பாயான் லெப்பாஸ் கோயிலில்
ஊதுபத்திப் புகையில் தூங்கும் விரியனுக்கு எந்தப் பாரம்?'
பூன் ஹுவாட் கேட்டதும் மண்டபம் சிரித்தது.
அதிகாரியும் சிரித்தார்.
சாமியாகிவிட்டால் சட்டமும்
செருப்பைக் கழற்றிவிட்டுத்தானே வரும்.

பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள்.
கோமளேஸ்வரி, ஒன்பதாம் மாடி.
கழிவறைக் குழியிலிருந்து பாம்பு தலை தூக்கியதாம்.
'பாம்பைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.
என் பையன் எட்டு மாதமாக
துடைப்பத்தோடுதான் உள்ளே போகிறான்.'
கத்தவில்லை. யார் விட்டதென்றும் கேட்கவில்லை.
உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

பூன் ஹுவாட் தன் கட்டைவிரலைப் பார்த்தார்.
ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறார்:
'ரொம்பப் பெரிசாயிடுச்சு, என்ன பண்றது.'
இரவு இரண்டு மணி, வேனின் பின்கதவு,
ஆயர் ஈத்தாம் அணைக்கட்டு.
அங்கிருந்து ரெலாவ் எவ்வளவு தூரம்?
ஒரு பாம்புக்கு, எவ்வளவு தூரம்?

அவரைச் சொல்கிறேன்.
என் முதல் பல்லி காலுறைக்குள் வந்தது.
ஒரு காலுறைக்கு ஒன்று, மொத்தம் ஆறு,
அதில் உயிரோடு இருந்தது ஒன்று.
இருநூறு வெள்ளி கொடுத்து வாங்கிக்கொண்டு
அதற்கு அதிர்ஷ்டம் என்று பெயர் வைத்தேன்.

மங்கையர்க்கரசி என்பதைப் பாதியில் கைவிட்டு
'மங்கை' என்று கூப்பிட்டார் அதிகாரி.
மூன்று நிமிடம்.
தடை வேண்டாம், உரிமம் வையுங்கள்,
சொல்லாமல் சோதனைக்கு வாருங்கள்,
கதவைத் திறக்கிறேன் என்றேன்.
எழுதி வைத்ததை அப்படியே படித்தேன்.
கைதட்டினார்கள்.
காலுறை தாளில் இல்லை.
சொல்ல நேரம் இருந்தது;
மணி அடிக்க இன்னும் நாற்பது விநாடி.

வெளியே வரும்போது கோமளேஸ்வரிக்கு
லிப்ட் கதவைப் பிடித்துக்கொண்டேன்.
'கடிக்குமா?' என்றாள்.
'கடிக்காது.'
'அவனுக்கு யார் சொல்றது' என்றாள்.

வியாழனிலிருந்து மேனேஜர் கண்ணில் பால் படர்ந்திருந்தது.
வீட்டுக்கு வந்து பார்த்தால்
சட்டையைக் கழற்றிப் போட்டிருந்தது,
கிழியாமல், முழுசாய்,
இரண்டு கண்ணின் மூடியும் அதிலேயே ஒட்டியிருக்க.
புதுக் கண்ணால் என்னைப் பார்த்தது.
அடையாளம் தெரிந்து பார்த்ததாக
நான் பாரத்தில் எழுத முடியாது.

வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும்.
மற்றவை என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.
கோட்டில் 'பிடிக்கும்' என்று எழுதி அடித்தேன்.

இன்று பத்தாவது நாள்.
சுடுதண்ணீரில் எலியைப் போட்டிருக்கிறேன்.
உறைபனி இளக இருபது நிமிடம்.
அதுவரை கோடு இருக்கட்டும்.